பதினோராவது ஷீட்

மாஸ்டரிடம் யார் வந்து ஒரு சட்டைக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று கேட்டாலும், அவர் ஆளை ஒரு முறை மேலிருந்து கீழே பார்ப்பார். பார்வை தோளில் தொடங்கி, வயிற்றில் கொஞ்ச நேரம் தங்கி, இடுப்பில் இறங்கும். பிறகு, "ரெண்டரை மீட்டர் எடுத்துட்டு வாங்க" என்பார். இரண்டேகால் போதும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கால் மீட்டர் எங்கே போகிறது என்று அவர் வீட்டுத் தலையணைகளுக்குத் தெரியும்.

இதைத் திருட்டு என்று யாராவது சொன்னால் மாஸ்டர் மனம் நொந்துபோவார். துணி சுருங்கும், கோட்டுக்குக் கோடு சேர வேண்டும், பூப்போட்ட துணி என்றால் பூ தலைகீழாகிவிடக் கூடாது. சொல்கிற காரணம் எல்லாமே உண்மைதான். பொய்க் காரணம் தேடுகிறவன் தொழில் தெரியாதவன். மாஸ்டர் வீட்டு ஜன்னல் திரை ஒவ்வொன்றும் ஏழெட்டு வகைத் துணியில் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் புது நாகரிகம் என்று நினைத்துக்கொண்டு, எந்தக் கடை என்று விசாரிப்பார்கள்.

இப்படிப்பட்ட மனிதரின் மொட்டை மாடி அறைக்குக் கூரை மாற்ற வேண்டி வந்தது.

மாஸ்டர் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தார். அதுவரை கடைத்தெருவில் இன்னொருவர் கடையில் கட்டிங் மாஸ்டர். கிளம்பும்போது முதலாளியிடம் நாலு வார்த்தை நறுக்கென்று பேசிவிட்டு வந்திருந்தார். அதற்குப் பிறகு அந்த வாசற்படியை மறுபடி மிதிக்க முடியாது. மிதித்தாலும் உள்ளே விடமாட்டார்கள். கையில் இருந்தது ஒரே ஒரு ஆர்டர்: ஒரு பள்ளிக்கூடத்தின் வெள்ளைச் சட்டைகள். துணி பள்ளிக்கூடத்துடையது. கறை பட்டால் மாற்றுத் துணியும் இல்லை, இனிமேல் ஆர்டரும் இல்லை என்று பள்ளி மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் சொன்னதைச் செய்துவிடுவார்கள் என்பது மாஸ்டரின் அனுபவம்.

மாடி அறைதான் பட்டறை. நீளமான அறை, ஒரு பக்கமாகச் சரிந்த கூரை, பழைய ஷீட்டில் பகலிலேயே நட்சத்திரம் தெரியும் அளவுக்கு ஓட்டை. ஷீட் மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். மேஸ்திரி வந்து, டேப்பின் ஒரு முனையை மாஸ்டரின் மச்சினனைப் பிடிக்கச் சொல்லி அளந்தார். மச்சினன் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். சவாரி இல்லாத நேரத்தில் அக்கா வீட்டில் உட்கார்ந்து அபிப்பிராயம் சொல்கிறவன்.

மேஸ்திரி டேப்பைச் சுருட்டிவிட்டுக் கூரையை ஒரு முறை பார்த்தார். "பதினோரு ஷீட் எடுத்துடுங்க."

"பதினொண்ணா?"

"ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காரணும்ல. மாடி வேற, காத்து அதிகம். கொஞ்சம் கைக்காவலுக்கும் வேணும்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. சொன்ன எண்ணில் ஒன்றுமில்லை. சொன்ன தொனிதான் விஷயம். அந்த நிதானம், அந்த ஒரு முறை மேலே பார்க்கும் பார்வை, காரணங்களை அடுக்கும் அந்த அழகு. அவரே இரண்டரை மீட்டர் என்று சொல்லும்போது எப்படிச் சொல்வாரோ அப்படியே இருந்தது. தன் குரலை இன்னொருவர் வாயில் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மேஸ்திரி தெரு முனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டு மாஸ்டர் தன் டேப்பை எடுத்தார். அறை முப்பது அடி. ஒரு ஷீட்டின் அகலம் மூன்றரை அடி. இணைப்புக்கு எவ்வளவு விடுவது? காலருக்கே கால் அங்குலம் விடுகிறோம், தகரத்துக்குத் தாராளமாக ஒரு அங்குலம் விடலாம் என்று விட்டார். ஒன்பது ஷீட். அதிலும் முக்கால் அடி மிச்சம். அந்த முக்கால் அடியைக் குளியலறை ஜன்னலுக்கு மேலே சாரல் படாமல் போட்டுக்கொள்ளலாம் என்று அங்கேயே முடிவும் செய்துவிட்டார். மிச்சத்துக்கு வழி கண்டுபிடிக்காமல் அவர் எந்தக் கணக்கையும் முடித்ததில்லை.

"ரெண்டு ஷீட்டை அமுக்கப் பாத்தான்" என்று மனைவியிடம் சொன்னார்.

அவள் தரையில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "ரெண்டுமேவா?" என்றாள். கேள்வி மாஸ்டர் காதில் விழவில்லை, விழுந்தாலும் ஏறியிருக்காது.

ஷீட்டுகளைக் கம்பெனியில் சொல்லி, கூரையின் சரிவு நீளத்துக்கு அளவாக வெட்டி வரவழைத்தார்கள். வேலைக்கு வந்த அன்று காலை மேஸ்திரி அடுக்கை விரலால் புரட்டி எண்ணினார்.

"ஒம்பதா?"

"ஒம்பதுதான்."

"குறையும் மாஸ்டர்."

"போடுங்க, பாத்துக்கலாம்."

"சரி. உங்க வீடு" என்றார் மேஸ்திரி. கட்டட வேலைக்காரர்கள் கை கழுவும்போது சொல்லும் சொல் அது.

இதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. மாஸ்டர் முந்தின நாளே அந்த அறையில் வெள்ளைத் துணியை விரித்திருந்தார். மேஜையை அறைக்குள் வைத்தே பலகை அடித்துச் செய்திருந்ததால், அது கதவு வழியாக வெளியே போகாது. ஒரு முனை சுவரில் ஆணியடித்து நிற்கும். அதன்மேல் துணியை நாலு விரல் உயரத்துக்கு அடுக்கடுக்காக விரித்து, மேலே சாக்குக்கட்டியால் கோடு போட்டிருந்தார். துரு விழாமல் பிளாஸ்டிக்கால் மூடிவிட்டுப் பழைய ஷீட்டுகளைக் கழற்றியதும் மேலே திறந்த வானம். நல்ல வெளிச்சம். டியூப் லைட்டில் இந்த வெளிச்சம் வருமா என்று மயங்கி, மேலே மேஸ்திரி வேலை பார்க்க, கீழே மாஸ்டர் கட்டிங் மெஷினை ஓடவிட்டார்.

பாதி அடுக்கு வெட்டியாகிவிட்டது. பாதி வெட்டிய அடுக்கு, பாதி சவரம் செய்த முகம் மாதிரி. அப்படியே எழுந்து எங்கும் போக முடியாது. ஒரு நூல் நகர்ந்தால் ஒருவன் சட்டையில் வலது கை நீளும், இன்னொருவன் சட்டையில் கழுத்து கோணும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளிச்சம் மாறியது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மேகம் கருத்துத் திரண்டிருந்தது. மேலே ஒன்பதாவது ஷீட்டில் கடைசித் திருகை முடுக்கிவிட்டு மேஸ்திரி டிரில்லிங் மெஷினை அணைத்தார். அந்தச் சத்தம் நின்றதும் காற்றின் சத்தம் கேட்டது.

"மாஸ்டர், கொஞ்சம் மேல வந்து பாருங்க."

மாஸ்டர் ஏணியில் பாதி ஏறினார். மேற்கொண்டு ஏறத் தேவையில்லாமல் தெரிந்தது. சுவர் முடியும் இடத்துக்கும் ஷீட் முடியும் இடத்துக்கும் நடுவே, கூரையின் உச்சியிலிருந்து இறவாரம்வரை, வானம் ஒரு நீளப் பட்டையாகக் கிடந்தது. நேர் கீழே, சுவரில் ஆணியடித்த மேஜை முனை. அதன்மேல் வெள்ளைத் துணி.

மச்சினன் அண்ணாந்து பார்த்தான். "மாமா, நான் போய் அதுல படுத்தா புரண்டுகூடப் படுக்கலாம்."

"வாயை மூடுறா."

"எப்படிக் குறையும்?" என்று மாஸ்டர் மேஸ்திரியைக் கேட்டார். "நான் அளந்தேனே."

"அளந்தீங்க. ஏறி உக்கார எவ்வளவு விட்டீங்க?"

"ஒரு அங்குலம்."

மேஸ்திரி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மாஸ்டருக்குக் கோபப்படவாவது வசதியாக இருந்திருக்கும். "ஷீட்டு நெளிவுல ரெண்டு மேடு மேல ஏறணும் மாஸ்டர். ஒவ்வொரு ஷீட்லயும் அரை அடி போயிடும். நீங்க தைக்கிறது நூல்ல நிக்கும். இது ஏறி உக்காந்தாத்தான் நிக்கும். ஒரு அங்குலம் விட்டா காத்து தண்ணியைப் பக்கவாட்டுல தள்ளிட்டு உள்ள வரும்."

மாஸ்டர் வானத்தைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். பருத்தித் துணி. ஒரு ஓரம் நனைந்தால் போதும், அடுக்குக்கு அடுக்கு தண்ணீரைக் கடத்தி மறுமுனைவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பழைய கூரையின் துருவும் புழுதியும் மேஜையைச் சுற்றிக் கிடந்தன.

"ஒரு மேடு மட்டும் ஏத்துங்க" என்றார். "எல்லாத்தையும் கழட்டி, தள்ளித் தள்ளிப் போட்டா எட்டிடும்."

"எட்டும். இப்ப ஒரு இடத்துல ஒழுகும். அப்புறம் எட்டு இடத்துல ஒழுகும். ஏற்கனவே போட்ட திருகு ஓட்டை வேற இருக்கு. நான் செய்யமாட்டேன்."

"என் வீடு. நான் சொல்றேன்."

"வீடு உங்களுது. ஒழுகினா ஊர்ல கெடறது என் பேரு."

"கம்பெனிக்குப் போன் பண்ணுங்க."

"வெட்டிக் கொடுக்க நாளைக்கு ஆகும். இந்த மழை நாளைக்கா வரும்?"

மச்சினன் ஓடிப்போய் ஆட்டோவிலிருந்து தார்ப்பாயைக் கொண்டுவந்து விரித்தான். அதன் வழியாக மூன்று பேரின் முகமும் தெரிந்தது. "இதைப் போட்டா மழையை வடிகட்டித் தரும் மாமா" என்று அவனே சொல்லிவிட்டு மடித்துவிட்டான். துணி சுற்றி வந்த பிளாஸ்டிக் காகிதத்தை மாஸ்டர் மேஜைமேல் போர்த்தப் பார்த்தார். காற்று ஒரு முனையைத் தூக்கியது. அதோடு மேல் அடுக்கும் ஒரு விரல் எழுந்து, மறுபடி படுத்தது. மாஸ்டரின் உயிரும் கூடவே எழுந்து படுத்தது. பிளாஸ்டிக்கைச் சுருட்டித் தூர எறிந்தார்.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த மனைவி பேசினாள். "மேஸ்திரி அண்ணே, இன்னும் எத்தனை ஷீட் போட்டா மூடும்?"

"ஒண்ணு போதும் தங்கச்சி."

"அப்ப மொத்தம் பத்து."

"பத்து."

"நீங்க பதினொண்ணு சொன்னீங்களே."

மேஸ்திரி ஏணியின் மேல்படியில் நின்றபடி திருகுப் பொட்டலத்தை மூடுவதில் கவனமாக இருந்தார். "கைக்காவலுக்குன்னு சொன்னேன்."

"சரிதான். எல்லா வீட்டுலயும் கைக்காவலுக்கு ஒண்ணு சொல்லுவீங்க."

"ஒரு வேளை வளைஞ்சா, கிழிஞ்சா..."

"வளையலன்னா?"

மேஸ்திரி பொட்டலத்தின் வாயை இன்னொரு முறை முறுக்கினார்.

"நான் ஒரு டெய்லர் பொண்டாட்டிண்ணே" என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. "நீங்க எனக்குக் கணக்கு சொல்ல வேண்டாம். வளையாத ஷீட்டெல்லாம் எங்க இருக்கு, அதை மட்டும் சொல்லுங்க."

மாஸ்டர் தன் மனைவியைப் பார்த்தார். இத்தனை வருஷம் தலையணைக்கு உறை தைத்துக் கொடுத்த கை அது.

மேஸ்திரி இறங்கி வந்து கைலியில் கையைத் துடைத்தார். "எங்க வீட்டுக் குளிக்கிற மறைப்புக்கு மேல போட்டிருக்கேன்" என்றார், வேறு யாரோ போட்டதைப் போல.

மேஸ்திரியின் வீடு அடுத்த தெருவுக்கு அடுத்த தெரு. சரக்கு ஆட்டோவில் ஆண்கள் மூன்று பேரும் போனார்கள். மச்சினன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் விரட்டினான். கடைக்காரர்கள் பலகையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். கொடியில் காய்ந்த துணிகளைப் பெண்கள் வாரிக்கொண்டு ஓடினார்கள். ஓடும் ஒவ்வொரு துணியும் மாஸ்டர் கண்ணுக்கு வெள்ளையாகவே தெரிந்தது.

வீட்டின் பின்பக்கம் மறைப்பு. அதன் கூரையில் பச்சை, செங்கல் நிறம், ஆகாய நீலம் என்று மூன்று ஷீட்டுகள், மூன்று வீட்டுக் கைக்காவல்கள். மாஸ்டர் அதைப் பார்த்ததும் தன் ஜன்னல் திரையைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அதை ரசிக்க நேரமில்லை. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"யாரு உள்ள?" என்றார் மேஸ்திரி.

"யாரு வந்தா என்ன, குளிச்சுக்கிட்டிருக்கேன்ல" என்றது மேஸ்திரி மனைவியின் குரல்.

"சீக்கிரம் வா. ஷீட்டைக் கழட்டணும்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. "எந்த ஷீட்டை?"

"தலைக்கு மேல இருக்கிறதை."

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா ஈரத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, கதவை மறித்து நின்றாள். மேஸ்திரி நிலைமையைச் சொன்னார். மாஸ்டர் நடுவே புகுந்து பள்ளிக்கூடம், வெள்ளைத் துணி, பாதி வெட்டிய அடுக்கு என்று சொல்லி முடித்தார். தூரத்தில் இடி உருண்டது.

"எட்டு மாசமா ஒரு கூரை கேட்டு, இப்பத்தான் போட்டாரு" என்றாள் அவள். "அதுக்குள்ள கழட்டிக் கொடுக்கணுமா? உங்களுக்கு எத்தனைன்னு இவரு சொல்லலையா?"

"சொன்னாரு."

"அப்புறம்?"

"நான் நம்பலை."

"ஏன் நம்பலை?"

மாஸ்டர் கழுத்தில் கிடந்த டேப்பை இழுத்து ஒரு சுற்று சுருட்டினார்.

அவளே சொன்னாள். "என் நீலப் பாவாடைத் துணியில மிஞ்சினது உங்க வீட்டு வாசல் ஜன்னல்ல ஆடுது. போறப்ப வர்றப்ப பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"திருப்பித் தந்துடறேன்மா."

"ஜன்னல்ல ஆடினதை வச்சு நான் என்ன பண்ண?" முதல் துளி அவள் தோளில் விழுந்தது. அவள் மேலே பார்த்தாள், மாஸ்டரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன இருந்ததோ, கதவை விட்டு நகர்ந்தாள். "எடுத்துட்டுப் போங்க. பேச்சை அப்புறம் வச்சுக்கறேன்."

பச்சையையும் செங்கல் நிறத்தையும் கழற்றினார்கள். இரண்டும் நீளத்தில் குட்டை. ஆனால் ஒன்றின்மேல் ஒன்றை மேலும் கீழுமாக ஏற்றினால் சரிவுக்குச் சரியாக இருக்கும் என்றார் மேஸ்திரி. ஒரு திருகு துருப்பிடித்து வரமாட்டேன் என்றது. மேஸ்திரி அதைச் சுத்தியலால் அடித்தே பெயர்த்தார்.

வீடு திரும்பியபோது துளிகள் எண்ணக்கூடிய அளவில் விழுந்துகொண்டிருந்தன. வெளிப்பக்க மாடிப்படி குறுகல். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் ஒன்றுமில்லை. மேஸ்திரி பச்சையோடு முன்னால் ஏறிப் போய்விட்டார். செங்கல் நிறத்தை மச்சினன் மேல்முனையிலும் மாஸ்டர் கீழ்முனையிலும் பிடித்து ஏற்றினார்கள். பாதிப் படியில் காற்று திரும்பியது. ஷீட் ஒரு முறை உறுமி, பாய்மரம்போல் விரைத்துக்கொண்டு வெளிப்பக்கம் சாய்ந்தது.

"மாமா, விட்டுருங்க" என்று மச்சினன் கத்தினான். "இழுத்துட்டுப் போயிடும்."

மாஸ்டரின் ஒரு கால் படியின் விளிம்பில் இருந்தது, பாதி காற்றில். விட்டால் ஷீட் தெருவில் போய் விழும். திரும்பிப் போய் இன்னொன்றைக் கழற்றி வர நேரமில்லை. மாஸ்டர் விடவில்லை. முதுகைச் சுவரில் கொடுத்துக் கீழே சரிந்து படியில் உட்கார்ந்து, ஷீட்டின் ஓரத்தை உள்ளங்கையோடு சேர்த்து இறுக்கினார். தகரத்தின் விளிம்பு அவருடைய கத்தரிக்கோலைவிடக் கூர்மையாக இருந்தது. காற்று ஒரு மூச்சு விட்டது. அந்த இடைவெளியில் மச்சினன் ஷீட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி, "இப்ப, மாமா, இப்ப" என்று இழுத்துக்கொண்டு ஏறினான்.

மேஸ்திரி இரண்டையும் வாங்கி மேலே பரப்பினார். மழை இப்போது எண்ணமுடியாததாகிவிட்டது. சுவரோரம் திறந்திருந்த பட்டை குறுகிக்கொண்டே வந்தது. டிரில்லிங் மெஷினின் ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு திருகு. மழைத்துளி ஒன்று மேஜை முனைக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் விழுந்து தெறித்தது. மாஸ்டரின் மனைவி தன் சேலைத் தலைப்பை இரு கைகளாலும் விரித்து மேஜை முனைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். சில துளிகள் அதில் விழுந்து கருத்தன. பிறகு மேலே வானம் தெரியவில்லை. கூரை முழுக்க ஒரே சத்தம்.

மாஸ்டர் வாசலில் நின்றார். துணியைத் தொட்டுப் பார்க்க ஓடி வந்தவர், தன் கையைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். வலது உள்ளங்கையிலிருந்து ரத்தம் முழங்கைவரை இறங்கியிருந்தது.

"உள்ள வராதீங்க" என்றாள் மனைவி.

"தொட்டுப் பாரு. அந்த ஓரத்துல. மேல் அடுக்கைத் தூக்காதே, விரலை மட்டும் உள்ள விடு."

அவள் முந்தானையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, விரல்களைத் துடைத்து, அடுக்கின் ஓரத்தில் மெல்ல நுழைத்தாள். மேலிருந்து கீழே, ஒவ்வொரு இடமாக. மாஸ்டர் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பரீட்சை முடிவு கேட்கிறவர்போல் நின்றார்.

"காய்ஞ்சிருக்கு" என்றாள்.

"அடியில?"

"அடியிலயும்."

"சுவர்ப்பக்கம்?"

"காய்ஞ்சிருக்குங்க. போய் அந்தக் கையைக் கட்டுங்க முதல்ல."

மாஸ்டர் போகவில்லை. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தார். மச்சினன் ஒரு துணித் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டான். மேஸ்திரி சொட்டச் சொட்ட இறங்கி வந்து, அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் கூரையைப் பார்த்தார்கள். ஒன்பது சாம்பல் நிறம். கடைசியில் பாதி பச்சை, பாதி செங்கல் நிறம்.

"ஒழுகுமா?" என்றார் மாஸ்டர்.

"ஒழுகாது. ரெண்டு மேடு ஏத்தியிருக்கேன்."

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு பிளாஸ்டிக் பையைத் தலைக்குக் கவிழ்த்துக்கொண்டு மேஸ்திரியின் மனைவி ஏறி வந்தாள். அறைக்குள் எட்டிப் பார்த்தாள். வெள்ளை அடுக்கு, கூரை, மாஸ்டரின் கட்டுப்போட்ட கை, தன் புருஷன் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, கடைசியில் மாஸ்டரிடம் வந்து நின்றாள்.

"துணி தப்பிச்சுதா?"

"தப்பிச்சுதும்மா."

"நல்லது. நாளைக்கு எனக்குக் கூரை வேணும். மூணு ஷீட் வாங்கிக் கொடுங்க."

மாஸ்டரின் வாய் திறந்தது. எடுத்தது இரண்டு. அறையில் இருந்த ஐந்து பேருக்கும் அது தெரியும். மேஸ்திரி தன் கால் விரல்களைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சினன் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மூணே வாங்கிடறோம்கா" என்றாள் மாஸ்டரின் மனைவி, அடுக்கின் ஓரத்தை நீவிச் சரிசெய்தபடி. "மாஸ்டர் அளக்க வரமாட்டாரு. இந்தக் கையால இன்னிக்கு மெஷினும் ஓட்ட முடியாது. மீதியை நான் வெட்டணும். எங்க ஆரம்பிக்கணும்னு சொல்லித் தரட்டும்."

மாஸ்டர் எழுந்து, மேஜையிலிருந்து தள்ளியே நின்று, "காலர்லேர்ந்து" என்றார்.